ஜூஸ் பவுடர் குல்லா

அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான்.

என் மாமியார். சுறாப்புட்டு உதிர்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் இருக்கும் மதாம். வீட்டுக்கார அம்மா. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பின்னல் ஊசிகள்.

மதாமின் நாய். வெள்ளை நாய். வயிறு மட்டும் ரோஸ்.

என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆனாலும் அடுப்படியில் இருந்தாள். போனை உப்பு ஜாடி மேல் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

எங்கள் மகள் இல்லை. பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அவளுக்காகத்தான் மற்ற எல்லாரும் அங்கே கூடியிருந்தோம்.

மாமியாரைப் பற்றி முதலில் சொல்கிறேன். காலாப்பட்டுப் பக்கம் கடலோர ஊர். மீன் விற்கிறவர். விடிவதற்குள் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு டவுனுக்கு வந்துவிடுவார். பெரிய குரல். மார்க்கெட் வாசலில் நின்றால் உள்ளே அவர் கூவுவது கேட்கும். ஆனால் என்னிடம் பேச மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட நேராகப் பேசியதில்லை. மருமகன் முகம் பார்த்து மாமியார் பேசக் கூடாது என்று அவர் வளர்ந்த வீட்டில் பழக்கம். நானும் அவர் மகளும் டவுனை ஒட்டியிருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். எங்கள் கல்யாணம் நாங்களே பேசி முடித்தது. நான் வயல்காட்டுக்காரன் வேறு. அதனால் அவர் பேசாதது பழக்கத்தாலா, கோபத்தாலா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. நானும் பேச்சில் பெரிய ஆள் இல்லை.

எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"அவுருக்கு இன்னொரு துண்டு மீன் வேணுமான்னு கேளு."

மனைவி கேட்க மாட்டாள். "கேட்டுச்சு இல்ல?" என்பாள் என்னிடம்.

"போதும்னு சொல்லு" என்பேன்.

"போதுமாம்மா" என்பாள். அலுப்பாக.

மகள் வீட்டில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார். அடுப்பைப் பார்த்துச் சொல்வார். ஒரு தடவை கேஸ் சிலிண்டரிடம், "தீந்து போச்சு, புக் பண்ணணும்னு தெரியுதா இல்லியா" என்றார். நான் புக் பண்ணினேன்.

குழந்தை எட்டாம் மாதம் முடியும் முன்பே பிறந்துவிட்டாள். ஆயிரத்து நூற்று எண்பது கிராம். நர்ஸ் சொன்னதும் மாமியார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். எடை அவருக்கு எண்ணாக வராது, கையில் வரும். அந்த எடைக்கு எந்த மீன் என்று கை கண்டுபிடித்திருக்கும். அதற்கப்புறம் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. சுவரிடமும் இல்லை.

ஆயிரத்து அறுநூறு வந்தால் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். அதுவரை சூடு போகக் கூடாது. சூடு போனால் குடிக்கிற பால் எல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாகும், எடை ஏறாது. கொஞ்சம் தேறினதும் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா நெஞ்சில் படுக்க வைக்க வேண்டும், தோலோடு தோல். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ் கட்டாயம் வேண்டும். நர்ஸ் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டுல என்ன வெச்சிருக்கீங்களோ எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டில் ஒன்றுமில்லை. குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. எங்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போன பழக்கம் அது ஒன்றுதான். எங்களுக்கு அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. இதற்கு முன் ஒரு குழந்தை. உயிர் இல்லாமல் பிறந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கை நீட்டி வாங்கியவர் மாமியார். அதனால் இந்தத் தடவை யாரும் ஒரு கைக்குட்டைகூட வாங்கி வைக்கவில்லை.

காந்தி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். இருப்பதிலேயே சின்னக் குல்லாவாக ஒன்று வாங்கிப் போனேன். நர்ஸ் அதை வைத்துப் பார்த்தார். குழந்தையின் முகம் கழுத்து எல்லாம் உள்ளே போய்விட்டது.

"இது குல்லா இல்லங்க. பை" என்றார்.

வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். மதாம் மேலிருந்து கேட்டார்.

"என்ன தம்பி, பொண்ணு எப்படி இருக்கா?"

குல்லாவைக் காட்டினேன்.

மதாமுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ரொம்ப வருடம் அங்கே இருந்துவிட்டு, வயதான பிறகு கருவடிக்குப்பத்தில் இந்த வீட்டைக் கட்டினார்கள். தொண்ணூறு தாண்டி, தூக்கத்திலேயே போனார். அவர் போன அன்று தெருப் பெண்கள் அவர் வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டு போனார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆயுசு வேண்டும் என்று. மதாம் தடுக்கவில்லை.

"பொனே நான் பின்னித் தரேன்" என்றார். குல்லாவை அவர் அப்படித்தான் சொல்வார். சின்ன வயதில் சிஸ்டர்களிடம் கற்றுக்கொண்டாராம். "நூல் வாங்கினு வா. உல்லன் நூல்."

வாங்கி வந்தேன். மதாம் ஒரு முனையைக் கிள்ளி வத்திக்குச்சி கிழித்துக் காட்டினார். நூல் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

"பிளாஸ்டிக்" என்றார். "இதப் போட்டா அந்தத் தோலு தாங்காது."

உள்ளே போய் ஒரு ஸ்வெட்டரோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் அங்கே குளிருக்குப் போட்டது. பால் நிறம். கை முட்டியில் மட்டும் தேய்ந்திருந்தது. அதிலும் ஒரு முனையைக் கொளுத்தினார். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது.

"இது ஆட்டு முடி. சுத்தமான லேன், கம்பளி."

கத்தரிக்கோலை எடுத்துத் தோளில் வைத்து ஒரு கையை வெட்டினார். கொஞ்சம் யோசித்துத்தான் வெட்டினார். பிறகு இழையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கக் கை குறைந்துகொண்டே போனது. நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அதில் சுற்றினார். நூல் சுருட்டை முடி மாதிரி இருந்தது.

மாலையில் மாமியார் வந்தார். நாற்காலி முதுகில் கிடந்த நூலைப் பார்த்தார். மதாமிடம் அவர் நன்றாகப் பேசுவார்.

"என்னா இது?"

"உன் பேத்திக்குப் பொனே. என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர்லேருந்து."

மாமியார் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெரியவரு ஆயுசு வரட்டும்" என்றார். உடனே கையை எடுத்தார்.

"வெள்ளையா இருக்கே."

"வெள்ளை இல்ல, கிரீம்."

"எனக்கு வெள்ளதான். வேணாம்."

"ஏன் வேணாங்கற? எவ்ளோ சாஃப்ட்டா இருக்கு பாரு."

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பினார். "வெள்ளையில போட்டுனு வந்தா நான் அந்தப் புள்ளயத் தொட மாட்டேன்னு சொல்லிடு" என்றார். சுவரிடம்தான் சொன்னார். கை இரண்டையும் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது. மதாமுக்கு அவர் கையைப் பார்த்தபின் புரிந்தது.

"மஞ்சள்ல தோச்சுடலாமா?" என்றார் மதாம்.

"ஒடம்பே மஞ்சளா கெடக்குதாம், நீல வெளக்குல போட்டு வெச்சிருக்காங்க. அதுக்கு மஞ்ச குல்லா வேறயா? காமாலைக்குக் குல்லா மாட்டி உட்ட மாதிரி இருக்கும்."

கடைச் சாயம் என்று நான் ஆரம்பித்தேன். போனில் கேட்டதற்கு மனைவி வேண்டாம் என்றாள். நர்ஸ் சொல்லியிருந்தாராம். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது, எது கிடைத்தாலும் வாயில் வைத்துச் சப்புகிறாள், சாயம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாத சாயம் எங்கே இருக்கும்? யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மதாமின் நாய் வந்து என் எதிரில் மல்லாந்து படுத்தது. ரோஸ் வயிறு.

அந்த வயிற்றின் கதை இது. சித்திரை வெயிலுக்குத் தெரு முனையில் பையன்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஜூஸ் பவுடரை டப்பில் கரைத்து ஐஸ் கட்டி போட்டிருந்தார்கள். இந்த நாய் வெயில் தாங்காமல் போய் டப்பில் படுத்துவிட்டது. மதாம் சோப்பு போட்டார், ஷாம்பு போட்டார், எலுமிச்சம்பழம் தேய்த்தார். ரோஸ் போகவில்லை. நாயும் நக்கி நக்கிப் பார்த்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் எல்லாரும் மதாமைக் கேலி செய்தார்கள், நாய்க்கு மருதாணி வைத்தீர்களா என்று.

நாய் முடியில் நிற்கிறது. இது ஆட்டு முடி. குடிக்கிற பொருள்தானே.

"மதாம்" என்றேன். நாயைக் காட்டினேன். நூலைக் காட்டினேன்.

மதாம் நாயைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். "வோலா" என்றார், அதேதான் என்கிற மாதிரி.

மறுநாள் காலை மாமியார் மீனுக்குப் போயிருந்தார். நான் கடையில் ஜூஸ் பவுடர் கேட்டேன். எது வேண்டும் என்றார் கடைக்காரர். எது இருக்கிறதோ அது என்றேன். ஆரஞ்சு கொடுத்தார். பெரிய பாக்கெட். தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பவுடரைக் கொட்டினேன். நூலைப் போட்டுக் கரண்டியால் நன்றாகக் கிண்டினேன். கொதிக்கக் கொதிக்கக் கிண்டினேன். எடுத்துப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் காட்டினேன். கொடியில் போட்டேன்.

காய்ந்ததும் பார்த்தால் நூல் நூலாக இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சடை பிடித்திருந்தது. நிறம் மஞ்சள். அதுவும் அழுத்தமான மஞ்சள். தொட்டால் பிசுபிசு. நான் வாங்கியது சர்க்கரை கலந்த பவுடர். கொடி முழுக்க எறும்பு.

மாமியார் காலிக் கூடையோடு வந்தார். கொடியைப் பார்த்தார். நானும் நின்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு நாயிடம் சொன்னார்.

"எறும்புக்குக் குல்லா பின்னறாராமா? தலை அளவு எடுத்தாச்சான்னு கேளு."

மேலிருந்து மதாம் சிரித்தார். "என் நாய்க்குத் தமிழ் வராதும்மா. பிரெஞ்சுலதான் சொல்லணும்."

"எந்த பாஷையில சொன்னாலும் சரி. மஞ்ச ஆவாதுன்னு நேத்தே சொன்னனா இல்லியான்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியம் மனைவி போன் பண்ணியிருந்தாள். நாளைக்குப் பெட்டியிலிருந்து எடுத்து நெஞ்சில் வைக்கப் போகிறார்களாம். குல்லா எங்கே என்று நர்ஸ் கேட்டாராம். இரண்டு நாளாக எடை ஏறவில்லையாம். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

மதாமிடம் போய்ச் சொன்னேன். ஸ்வெட்டர் கட்டிலில் கிடந்தது, ஒற்றைக் கையோடு. மதாம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிச்சமிருந்த கையை ஒரு தடவை நீவிவிட்டார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார்.

"உடம்ப மட்டும் எனக்கு விட்டுடு" என்றார்.

அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். சர்க்கரை சேர்க்காத பவுடராகத் தேடி வாங்கினேன். நாமே சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடிக்கிறது, சின்னப் பாக்கெட். சிவப்பு. நாய் படுத்ததும் அதே பவுடர்தான் என்று பந்தல் பையன் ஒருவன் சொன்னான். பந்தலில் ஒரு பாக்கெட்டுக்கு ரோஸ்தான் வந்தது, அதனால் மூன்று பாக்கெட்.

மாமியார் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து எடுத்துப் போக வேண்டும். ஒரு அடுப்பில் சுறா, ஒரு அடுப்பில் நூல்.

"சுறா வாசனை நூல்ல ஏறிடப் போவுது" என்றார் மதாம்.

"ஏறட்டும். அது எங்க வூட்டுப் பொண்ணு. பழகிக்கட்டும்."

போனிலிருந்து மனைவி கத்தினாள். "எம்மா, தட்டு போட்டு மூடும்மா!"

"மூடிட்டேன்டி. நீ சாப்புட்டியா?"

"சாப்பிட்டேன். அவர் என்ன பண்றார்?"

"பவுடர் கரைக்குறாரு. புளித் தண்ணி ஊத்தணுமான்னு கேளு. சாயம்னா புளிப்பு வேணும் இல்ல?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் முழங்கை அவர் முழங்கையில் இடித்தது.

"ஏங்க, புளி ஊத்தணுமான்னு அம்மா கேக்குது."

"வேணாம்னு சொல்லு. பவுடர்லியே புளிப்பு இருக்கு" என்றேன்.

"வேணாமாம்மா."

"கேட்டுச்சு."

இதைப் பார்த்து மதாம் ஊசியை மடியில் போட்டுவிட்டார். "மோன் தியே, கடவுளே" என்றார். "ஒரு முழம் தள்ளி நிக்கறவங்ககிட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் போன் போட்டுப் பேசறீங்க."

நூலை ஊற வைத்திருந்தேன். பிழிந்து சட்டியில் போட்டேன். சட்டி எங்களுடையது, எவர்சில்வர், வாய் அகலம். தண்ணீர் ரத்தம் மாதிரி இருந்தது. நூல் முங்கியது.

"என்ன கலருங்க?" என்றாள் மனைவி.

"சிவப்பு."

"எந்த மாதிரி சிவப்பு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் எட்டிப் பார்த்தார். "செம்பருத்தி" என்றார். மகளுக்குச் சொன்னார்.

"நல்லா இருக்கும்" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "பால் எடுக்கக் கூப்புடுறாங்க. நான் வெக்கிறேன். கெடுத்துடாதீங்க ரெண்டு பேரும்."

போன் அணைந்துவிட்டது.

சுறா மட்டும் வதங்கிக்கொண்டிருந்தது. சட்டியில் ஓரத்தில் குமிழ் வந்தது. நான் கரண்டியை எடுத்தேன்.

"கிண்டாதீங்க மாப்ள!"

மார்க்கெட் குரல். நாய் எழுந்து நின்றுவிட்டது. கரண்டி என் கையிலேயே நின்றது.

மாமியார் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பை இழுத்து வாயை மூடினார். சுவர்ப் பக்கம் திரும்பப் போனார். திரும்பவில்லை.

"மீன் கொழம்புல யாராச்சும் கரண்டி உடுவாங்களா? ஒடஞ்சு பூடும் இல்ல? நேத்து அப்படித்தான் கெடுத்தீங்க. சட்டிய ரெண்டு பக்கமும் புடிங்க. துணி வெச்சிக்கோங்க, சுடும். அடுப்ப எறக்குங்க. ம். இப்ப சுத்துங்க. தூக்காதீங்க. சும்மா ஒரு சுத்து."

சுற்றினேன். தண்ணீர் வட்டமாகப் போனது. நூலும் கூடவே போனது, பாம்பு மாதிரி, இழை பிரியாமல்.

"மெல்ல."

மெல்லச் சுற்றினேன்.

"போதும். உட்டுடுங்க. அதுவே பாத்துக்கும்."

மதாம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியில் ஒன்றும் இல்லை.

மூடி போட்டோம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். மாமியார் புட்டை டப்பாவில் அடைத்தார். பிறகு மூடியைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

"மாடியம்மா, இங்க வாயேன்."

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீரில் நிறமே இல்லை. குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. இருந்த சிவப்பு எல்லாம் நூலுக்குப் போய்விட்டது.

"எல்லாத்தயும் இழுத்துக்கிச்சு பாரேன்" என்றார் மாமியார். "இந்த மாதிரி அதுவும் பால இழுக்கணும்."

ஆற விட்டோம். அலசினோம். சூடு ஆறும் முன்பே நான் பச்சைத் தண்ணீரில் போடப் போயிருந்தேன். "ஆறட்டும், என்னா அவசரம்" என்றார். அலசின தண்ணீரும் தெளிவாகவே இருந்தது. நிழலில் உலர்த்தினோம். எறும்பு வரவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரத்துக்குள் மதாம் பின்னி முடித்துவிட்டார். தலை அளவுக்கு என்ன செய்வது என்று போனில் கேட்டோம். சாத்துக்குடி அளவு என்றாள் மனைவி. பெரிய சாத்துக்குடியா, சின்ன சாத்துக்குடியா என்றார் மதாம். மாமியார் பழக் கூடையில் கையை விட்டு இரண்டு மூன்றைத் தூக்கிப் பார்த்து ஒன்றை எடுத்தார். "இது" என்றார். அதற்குப் போட்டுப் பார்த்துப் பின்னினார். சாக்ஸுக்கு என் கட்டை விரல். விரலை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சாக்ஸும் அந்த ஒரு விரலில்தான் அளவு பார்த்தது.

மாமியார் குல்லாவை வாங்கி உள்ளங்கையில் வைத்தார். கையை மூடினார். திறந்தார். மதாமிடம் திருப்பிக் கொடுத்து, புடவையில் கை துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கினார். அவரேதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தார், என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து. என் பைக்கில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் புட்டு டப்பா. இன்னொரு கை மூடியிருந்தது.

"இந்த வெயில்ல உல்லன் குல்லான்னா ஊரு சிரிக்கும்" என்றார் சிக்னலில். என்னிடமா, சிக்னலிடமா தெரியவில்லை.

நர்ஸ் குல்லாவை வாங்கி முகர்ந்தார்.

"என்னங்க, பழ வாசனை வருது?"

"ஜூஸ் பவுடர்" என்றேன்.

"ஜூஸ் பவுடரா?"

"குடிக்கிறது. சப்பினாலும் ஒண்ணும் ஆகாது."

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அதில் தேய்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் திரும்ப வந்தார்.

மனைவிக்கு அன்று காய்ச்சல் கண்டிருந்தது. அவள் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"அப்பாவும் வெச்சிக்கலாம். நல்லா கை கழுவிட்டு வாங்க."

நான் நின்றேன். மாமியார் மகளைத் தட்டினார். மகள் பக்கத்தில் இருந்ததால் பழைய வழிக்குப் போய்விட்டார்.

"அவுர சட்டையக் கழட்டச் சொல்லுடி."

கழற்றினேன். சாய்ந்த நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் குழந்தையைத் தூக்கி வந்தார். சிவப்புக் குல்லா முதலில் தெரிந்தது. அப்புறம்தான் குழந்தை. நெஞ்சில் வைத்தார். ஒரு துணியால் என்னோடு சேர்த்துக் கட்டினார்.

கனமே இல்லை. ஆனால் சூடு தெரிந்தது. மூக்குக்குக் கீழே குல்லா. பழ வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் சுறா. அவள் வாய் அசைந்தது. நான் மூச்சை மெல்ல விட்டேன். வேகமாக விட்டால் அவள் ஏறி இறங்குகிறாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமியார் நின்றார். கூடையை இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி கையை இடுப்பில் வைத்து நின்றார். நான் அங்கிருந்த நேரம் முழுக்க அவர் அங்கேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாராம்.

குழந்தையை எடுத்த பிறகு நெஞ்சைப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை.

அடுத்த நாள் எடை கொஞ்சம் ஏறியிருந்தது. மனைவிக்குக் காய்ச்சல் விட்டது. அவள் பகலில் வைத்துக்கொண்டாள், நான் ஷிப்ட் முடிந்து போய் வைத்துக்கொண்டேன். சிவப்புக் குல்லாக்காரி என்றே வார்டில் பெயர் ஆகிவிட்டது. மற்ற அம்மாக்கள் கேட்டார்கள். மதாமிடம் நூல் இல்லை என்றேன். உண்மைதான். அந்த மார்கழியில் மதாம் கை இல்லாத ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார். குளிர் தோளில்தான் தெரிகிறது என்றார். சடை பிடித்த மஞ்சள் நூல் நாய்க்குப் போனது. அது இன்னும் அதைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

ஏறுவதும் நிற்பதுமாக நாள் போனது. ஒரு நாள் இறங்கியது. அன்று மாமியார் மீனை விற்காமல் திரும்பிவிட்டார். சுறா கிடைக்காத நாளில் மகளுக்கு எந்த மீன் என்று சிலிண்டரிடம் ஆலோசனை கேட்டார். நான் பதில் சொன்னேன்.

கடைசியில் ஒரு காலை. இன்றைக்கு வந்துவிடும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். மாமியார் ஏலத்துக்குப் போகாமல் வந்திருந்தார். மனைவி துணி மணி எல்லாம் மடித்து வைத்துவிட்டாள். பிறகு பயந்து மறுபடி பிரித்து வைத்தாள்.

எடை பார்க்கும் மேஜையில் நர்ஸ் குழந்தையைப் படுக்க வைத்து சாக்ஸைக் கழற்றினார்.

"அந்தக் குல்லாவோட போடக் கூடாதா?" என்றார் மாமியார்.

"பாட்டிம்மா, இது மீன் கடை இல்ல."

"மீன நாங்க தண்ணிய வடிச்சுத்தான் போடுவோம். அதுக்குச் சொல்லல. தலை குளிரும் இல்ல?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே குல்லாவைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தார். அவர் அதை மூடிக்கொண்டார். குழந்தையின் தலையில் கொஞ்சம் முடி வந்திருந்தது. அழ ஆரம்பித்தாள். பெரிய குரல். மெஷினில் எண்கள் ஓடின. அவள் காலை உதைக்க உதைக்க நிற்காமல் ஓடின.

மாமியார் மேஜையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"மாப்ள" என்றார். "நீங்க பாருங்க. எனக்கு தெகிரியம் இல்ல."

பார்த்தேன்.

ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.